நெகிழ்வட்டின் பாடபேதங்கள்

ஏட்டைப் படியெடுப்பவர் எதைப் படியெடுக்கிறார்? எழுத்தையா, ஏட்டையா? மூலபாட ஆய்வில் இது பழைய வினா. எழுத்தை மட்டும் எடுத்தால் ஓலை செல்லரித்த இடம் படியில் மறைந்துவிடும். பிளாப்பி என்று நாம் அழைத்த நெகிழ்வட்டைப் படியெடுத்தவர்களும் இதே வினாவைச் சந்தித்தார்கள். இன்று வழக்கொழிந்துவிட்ட வட்டுப் படிம வடிவங்கள் பலவும் அதற்கு அவர்கள் அளித்த விடைகள்.

வட்டிலுள்ள கோப்புகளைத் தனித்தனியே நகலெடுப்பது வேறு; வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து வைப்பது வேறு. பின்னதே படிமம். 3.5 அங்குல வட்டில் பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 செக்டர்கள், செக்டருக்கு 512 பைட்டுகள். இரு பக்கமும் சேர்த்தால் 14,74,560 பைட்டுகள். ஐஎம்ஜி என்னும் எளிய படிமத்தின் அளவும் மிகச் சரியாக அதுவே. மென்பொருளை அனுப்பவும், கணினியைத் தொடங்கும் வட்டுகளை உருவாக்கவும் அது போதுமானதாக இருந்தது.

சிக்கல் எழுந்தது வேறிடத்தில். 1982இல் வெளிவந்த கமடோர் 64 கணினியின் வட்டில் 35 தடங்கள், 683 செக்டர்கள். செக்டருக்கு 256 பைட்டுகள். இதற்கான டி64 படிமத்தின் அளவு 1,74,848 பைட்டுகள். ஆனால் விளையாட்டு விற்ற நிறுவனங்கள் சில, நகலெடுப்பைத் தடுக்க வேண்டுமென்றே பழுதான செக்டர்களை வட்டில் வைத்தன. நிரல் அந்த இடத்தை வாசிக்கும். பிழை வந்தால் அசல் வட்டு, வராவிட்டால் போலி. அதாவது பழுதே இங்குப் பாடம்! டி64 வடிவத்தில் பழுதைக் குறிக்க இடமே இல்லை. ஆகவே பின்னர் செக்டருக்கு ஒன்றாக 683 பைட்டுகளைக் கோப்பின் இறுதியில் ஒட்டினார்கள். 1,75,531 பைட்டு அளவுள்ள டி64 கோப்பைக் கண்டால், அது பிழைக்குறிப்போடு கூடிய படி என்று அறியலாம்.

அதுவும் எல்லாப் பூட்டுகளுக்கும் ஈடுகொடுக்கவில்லை. எனவே பரவலாகக் கைமாறியவை பெரும்பாலும் பூட்டுடைத்த படிகளே. உடைத்தவர்கள் தம் குழுவின் பெயரையும் இசையையும் முகப்பில் சேர்த்துவிடுவார்கள். சுவடியியலார் இதை இடைச்செருகல் என்பர். எனக்கும் வேறு சொல் தோன்றவில்லை.

அடுத்த படிநிலையில் ஜி64 வடிவம் செக்டரை விட்டுத் தடத்தில் பதிந்த குறியீட்டுப் பிட்டுகளையே சேமித்தது. கிரையோஃபிளக்ஸ் போன்ற கருவிகள் இன்னும் கீழிறங்கி, காந்தத் திசை மாறும் கணங்களையே அளந்து பதிகின்றன. கோப்பு பல மடங்கு பெருக்கும். ஆனால் எது பாடம், எது பழுது என்னும் தீர்ப்பைப் பிற்காலத்தவருக்கு விட்டுவைக்கும். 1985இல் ஓவியர் ஆண்டி வார்ஹோல் அமிகா கணினியில் வரைந்த படங்கள், பிட்ஸ்பர்க் நகரிலுள்ள அவர் அருங்காட்சியகத்தின் வட்டுகளில் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிச் சங்கத்தார் இக்கருவியால் படிமமெடுத்து, அறியப்படாத ஓவியக் கோப்பு வடிவத்தையும் அவிழ்த்தார்கள். 2014இல் செய்தி வெளியானது.

எல்லாப் படியெடுப்பும் இவ்வளவு வெளிப்படையானதன்று. சைடெக்ஸ் நிறுவனத்தின் டெலிடிஸ்க், 1980களில் பலவகை வட்டுகளையும் படிமமாக்கியது. அதன் உள்ளமைப்பை நிறுவனம் வெளியிடவில்லை. படிமம் இருக்கும், திறக்கும் சாவி இன்னொருவர் கையில் இருக்கும். பிற்காலத்தில் பிறர் கோப்புகளைப் பிரித்தாய்ந்தே அவ்வமைப்பைக் கண்டறிந்தனர். மாற்றாக டேவ் டன்ஃபீல்டு உருவாக்கிய இமேஜ்டிஸ்க்கின் வடிவமோ முழுவதும் விளக்கப்பட்டது. அதன் கோப்பு, படிமமெடுத்த நாளும் நேரமும் கொண்ட ஒரு வரியோடு தொடங்கும். அதன்கீழ் எடுத்தவர் தம் குறிப்பை எழுதலாம். குறிப்பின் முடிவில் டாஸ் இயங்குதளம் கோப்பின் முடிவாகக் கொள்ளும் குறி வைக்கப்பட்டிருக்கும். ஆகவே டைப் கட்டளை கொடுத்தால், இருமக் குவியல் எதுவும் தெரியாமல் அந்தக் குறிப்பு மட்டும் திரையில் வரும். நம் ஏடெழுதியோர் ஓலையின் கடைசியில் எந்த ஆண்டு, எந்த மாதம், எழுதியவர் யார் என்று பொறித்ததை, இவர் முதல் ஓலையிலேயே வைத்தார்.