நீந்தும்போது கால் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

கோடை விடுமுறையும் பெருநாள் விடுமுறையும் வந்துவிட்டால் நம் பிள்ளைகள் கிணறு, குளம், ஆறு, கடல் என்று குளிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நீச்சல் கற்பது வீண் விளையாட்டில் சேராது என்ற கருத்துடைய நபிமொழியை இமாம் நஸாயீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். எனவே நீந்தத் தெரிந்திருப்பது நல்லதே. ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் திணறடிக்கும் ஒன்று உண்டு. அதுதான் தசைப்பிடிப்பு. குரக்கு பிடித்தது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது என்று ஊருக்கு ஊர் சொல் மாறும், வலி ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கால் பிடிப்பு மட்டும் ஒருவரை மூழ்கடித்துவிடாது. வலியில் பதறி, கை கால்களை அடித்து, தண்ணீரைக் குடித்து, மூச்சுத் திணறுவதுதான் மூழ்கடிக்கிறது. பிடிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தளர்ந்துவிடும். அதுவரை மிதந்துகொண்டிருந்தால் போதும்.

ஏன் பிடிக்கிறது?

தசை நம் விருப்பமின்றிச் சுருங்கி, தளராமல் கட்டியாக நிற்பதே பிடிப்பு. நீந்தும்போது பாதத்தைப் பின்னோக்கி நீட்டியபடியே உதைக்கிறோம். இதனால் கெண்டைக்கால் தசை வெகுநேரம் சுருங்கிய நிலையிலேயே வேலை செய்கிறது. பழக்கமில்லாமல் நெடுநேரம் நீந்திக் களைத்துப்போவது முக்கியக் காரணம். குளிர்ந்த நீரில் திடீரெனக் குதிப்பதும், உடலில் நீர்ச்சத்து குறைந்திருப்பதும் இதற்குத் துணைபோகின்றன. கெண்டைக்கால், தொடை, உள்ளங்கால் ஆகிய இடங்களில்தான் அதிகம் பிடிக்கும்.

தண்ணீருக்குள் செய்ய வேண்டியவை

1. உதைப்பதை உடனே நிறுத்துங்கள். பிடித்த காலை வைத்துத் தொடர்ந்து நீந்த முயன்றால் பிடிப்பு இறுகும்.

2. மூச்சை நன்றாக உள்ளிழுத்து மல்லாந்து மிதங்கள். நுரையீரலில் காற்று இருக்கும்வரை உடல் எளிதில் மிதக்கும். ஒரு கையை உயர்த்தி, குரல் கொடுத்து உடனிருப்பவர்களை அழையுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

3. பிடித்த தசையை மெதுவாக நீட்டுங்கள். கெண்டைக்கால் என்றால் முழங்காலை நேராக்கி, பாதத்தின் முன்பகுதியைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள். கை எட்டாவிட்டால் விரல்களை மேல்நோக்கி மடக்கினாலே பலன் கிடைக்கும். முன்தொடை என்றால் முழங்காலை மடக்கி, குதிகாலைப் பின்பக்கம் கொண்டுவாருங்கள். பின்தொடை என்றால் முழங்காலை நேராக நீட்டுங்கள். உள்ளங்கால் என்றால் கால்விரல்களை மேல்நோக்கி வளையுங்கள்.

4. இருபது, முப்பது விநாடிகள் அப்படியே பிடித்திருங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நடுவில் முகம் நீருக்குள் போனால் விட்டுவிட்டு, மூச்சு வாங்கி, மீண்டும் செய்யுங்கள்.

5. வலி குறைந்ததும் கைகளை மட்டும் பயன்படுத்தி, மல்லாந்தபடியே கரைக்கு வாருங்கள். கிணறாக இருந்தால் படியையோ கயிற்றையோ பற்றிக்கொள்ளுங்கள்.

கரையேறியபின் தசையை நீவிவிட்டு, சற்று நடந்து, தண்ணீர் குடியுங்கள். "சரியாகிவிட்டது" என்று அன்றே மீண்டும் இறங்குவது ஆபத்து. களைத்த தசை மறுபடியும் பிடிக்கும். அடிக்கடி பிடிப்பு வந்தாலும், ஒரே காலில் வீக்கமும் வலியும் நீடித்தாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

கரையில் இருப்பவர்கள்

தொழுதுகொண்டிருப்பவர்கூடத் தொழுகையை முறித்துவிட்டு, மூழ்குபவரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஓர் உயிருக்கு மார்க்கம் தரும் மதிப்பு அது. ஆனால் காப்பாற்றுவது என்றால் உடனே குதிப்பது என்று பொருளல்ல. பதற்றத்தில் இருப்பவர் கையில் கிடைப்பவரைக் கட்டிப்பிடித்து அழுத்திவிடுவார். ஒருவருக்குப் பின் ஒருவராகப் பலர் மூழ்குவது இப்படித்தான்.

கயிறு, நீண்ட கம்பு, மூடிய காலி கேன், வேட்டி, துப்பட்டா என எது கிடைத்தாலும் அதை நீட்டுங்கள் அல்லது வீசுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூழ்கிய இளைஞர்களில் இருவரை மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை வீசியே கரைசேர்த்தார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. அந்தப் பெண்களுக்குக் கைகொடுத்தது நிதானம்.

கரைசேர்க்கப்பட்டவர் மூச்சு விடவில்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, பயிற்சி பெற்றவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

முன்கூட்டியே கவனிக்க வேண்டியவை

தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். இறங்கும் முன் ஐந்து நிமிடங்கள் கால்களை நீட்டி மடக்குங்கள். போதிய தண்ணீர் குடித்திருங்கள். நோன்பு வைத்திருக்கும் பகலில் நெடுநேரம் நீந்துவதைத் தவிருங்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும்போது, வேகமாக நீந்துவதற்கு முன்பே மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுங்கள். தரையில் உட்காரவைத்து, பாதத்தைப் பிடித்து இழுக்கும் முறையையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை செய்து பழகியது ஆபத்து நேரத்தில் நினைவுக்கு வரும்.

நீரில் மூழ்கி இறப்பவரையும் ஷஹீத்களில் ஒருவராக நபி (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் நம் அலட்சியத்துக்கு அது அனுமதியாகிவிடாது. உடலும் உயிரும் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதைக் காக்கும் வழிகளைக் கற்பதும் கடமையே.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை எல்லா ஆபத்துகளிலிருந்தும் பாதுகாப்பானாக! ஆமீன்.