குதிரையின் கண்ணும் பிளாஷ் விளக்கும்

சென்ற மார்கழியில் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் அப்பா வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சிறுமலைக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம். திண்டுக்கல்லிலிருந்து 25 கிலோமீட்டர் தூரம்தானே என்று கிளம்பினோம். 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபோது மாலை ஐந்து மணி. பனிமூட்டம் இறங்கிவிட்டது. சரிவான ஒரு தோட்டத்துப் பாதையில் வாழைத்தார் சுமந்து இரண்டு குதிரைகள் வந்துகொண்டிருந்தன. ஜீப் போகாத தோட்டங்களிலிருந்து சுமை இறக்க இன்றும் அங்கே குதிரைதான்.

பேரன் கேமராவைத் தூக்கினான். இருட்டாக இருந்ததால் கேமராவின் தலையிலிருந்து குட்டி பிளாஷ் தானாக எழும்பி 'பளிச்' என்றது. முன்னால் வந்த குதிரை தலையை உதறி ஓரடி பின்வாங்கியது. ஒரு பக்கத்துச் சுமை சரிந்தது. குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அந்த வெளிச்சத்தப் போடாதப்பா. மிரண்டு காலை விட்டுச்சுன்னா தாரும் போச்சு, குதிரையும் போச்சு." நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

படமும் தேறவில்லை. திரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். நடுவில் பச்சையாக எரியும் இரண்டு கண்கள். குதிரை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பொட்டுகள் எல்லாம் பனித்துளிகள். லென்சுக்குப் பக்கத்திலேயே விளக்கும் இருந்தால், அருகிலிருக்கும் துளிகள் வெளிச்சத்தை நேராக லென்சுக்கே திருப்பி அனுப்பும். குதிரையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. இரவில் பார்ப்பதற்காக அமைந்தது. அதுவும் அதே வேலையைச் செய்தது.

"தனி பிளாஷ் வாங்கணும் தாத்தா" என்றான் பேரன். "எதுக்குடா வாங்கணும்? என்கிட்டயே இருக்கு" என்றேன். 1984ல் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ஜப்பான் பிளாஷ் என் பீரோவில் தூங்குகிறது. நான்கு பேட்டரி போட்டதும் 'கீ...' என்று மெல்லிசாகக் கூவிக்கொண்டே சிவப்பு விளக்கு எரிந்தது. அப்படியே கேமராவின் தலையில் செருகியிருப்பேன். நல்லவேளையாக, டி.வி. ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். "சார், பழசை மாட்டுறதுக்கு முன்னாடி அளந்து பார்த்துருவோம்" என்று மீட்டரின் ஒரு முனையை பிளாஷின் அடியில் நடுவிலுள்ள பொட்டின் மேலும், மறு முனையைப் பக்கத்துத் தகட்டின் மேலும் வைத்தார். இருநூறு வோல்ட்டைத் தாண்டியது.

ஆறு வோல்ட் பேட்டரியில் இருநூறு வோல்ட் எப்படி வந்தது, அதனால் என்ன கெடுதல் என்று பேரன் கேட்டான். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தக் கட்டுரையே வந்தது. இன்றைக்கு ஒரு பிளாஷை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது, அது கடந்துவந்த நூற்று அறுபது வருடப் பாதை தெரிந்தால்தான் புரியும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒருவர் 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் புகைப்படக்காரர் 'நாதார்' பற்றிச் சொன்னபோது, அவர் நம்ம விருதுநகர்ப் பக்கமா என்று ஒருவன் கேட்டு வெளியே நின்றான். அது புனைபெயர். இயற்பெயர் கஸ்பார் ஃபெலிக்ஸ் தூர்னஷோன். 1861ல் அவர் பாரிஸின் நிலத்தடி எலும்புக் கிடங்குகளுக்குள் கேமராவோடு இறங்கினார். வெளியே மின்கலங்களை அடுக்கி, கம்பி இழுத்து, உள்ளே வில் விளக்கை எரித்தார். ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை ஆயிற்று. அவ்வளவு நேரம் அசையாமல் யார் நிற்பார்கள்? அதனால் வேலையாட்களுக்குப் பதில் உடை போட்ட பொம்மைகளை நிறுத்தினார். அந்தப் படங்களில் எலும்பு தள்ளிக்கொண்டு நிற்பது பொம்மைதான்.

அடுத்து வந்தது மக்னீசியம். 1860களில் அது நாடாவாகக் கடைக்கு வந்தது. கம்பி மத்தாப்பின் வெள்ளை ஒளியைப் பார்த்தவர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டாம். பிரெஞ்சில் இதை மக்னீசிய 'எக்லேர்' என்பார்கள். எக்லேர் என்றால் மின்னல். மிட்டாய்க் கடை எக்லேர்ஸும் அதே சொல்தான்; அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

1893ல் லூயி பூத்தான் என்ற உயிரியல் பேராசிரியர் பிரான்சின் தென்கோடியில் பன்யூல்ஸ் கடலுக்கு அடியில் படம் எடுக்கப் பார்த்தார். ஷோஃபூர் என்ற மின்பணியாளர், ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் குடுவைக்குள் மக்னீசிய நாடாவை வைத்து மின்சாரத்தால் பற்றவைத்துக் கொடுத்தார். குடுவை சில சமயம் வெடித்தது. பிறகு பூத்தான் ஒரு பெரிய பீப்பாயில் ஆக்சிஜன் நிரப்பி, அதன் மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் சாராய விளக்கை ஏற்றி, ரப்பர் குமிழை அமுக்கி மக்னீசியப் பொடியைச் சுடருக்குள் ஊதினார். நாம் இன்று ஐந்து விரலுக்குள் அடக்கிப் பிடிப்பது, அவருக்கு ஒரு பீப்பாய்.

தரையில் இருந்தவர்களுக்கு 1887ல் ஜெர்மனியில் மீத்தேயும் கேடிக்கேயும் ஒரு பொடி செய்து கொடுத்தார்கள். மக்னீசியம், பொட்டாசியம் குளோரேட், ஆண்டிமனி சல்பைடு. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் சிவகாசிக்காரர்கள் இரண்டடி தள்ளி நிற்பார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனை வெளிச்சம். கூடவே புகை, சத்தம், தீக்காயம். நியூயார்க்கில் ஏழைகளின் இருட்டறைகளைப் படமெடுத்த ஜேக்கப் ரீஸ், இந்தப் பொடியால் தான் படமெடுத்த வீட்டுக்கே தீ வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் படங்கள் இல்லாவிட்டால் அந்த அறைகளை வெளியுலகம் நம்பியிருக்காது. தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்த முகங்கள் அவற்றில் இருக்கின்றன. குதிரைக்காரர் சொன்னது அவர்களுக்கும் பொருந்தும் என்று இப்போது தோன்றுகிறது.

நம் நாட்டில் இந்தப் பொடியை மிகப் பொறுமையாகப் பயன்படுத்தியவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரி. புலி நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டி, அதைக் கேமராவோடும் பிளாஷ் பொடியோடும் இணைத்துவிட்டு வந்துவிடுவார். புலி கம்பியைத் தொட்டால் தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளும். 1920களில் எடுத்த அந்தப் படங்கள் 1927ல் புத்தகமாக வந்தன. துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுக்க ஜிம் கார்பெட்டைத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். உடம்புக் கோடுகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அறியலாம் என்றும் சாம்பியன் கண்டார். 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமரா வைத்தார்களே, அதன் அடிப்படை இதுதான்.

பொடிக்கு முடிவு கட்டியது பல்பு. 1929ல் ஜெர்மனியில் வந்தது. கண்ணாடிக்குள் ஆக்சிஜனும் உலோகத் தாளும். ஷோஃபூரின் குடுவை, வெடிக்காத வடிவத்தில். ஒரு பல்புக்கு ஒரு படம், அவ்வளவுதான். 1960களில் எங்கள் தெருக் கல்யாணங்களில் போட்டோகிராபர் எரிந்த பல்பைக் கழற்றிப் போட, நாங்கள் சிறுவர்கள் சூடு ஆறுவதற்குள் பொறுக்க ஓடுவோம். கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்த அந்த நீலப் பல்பை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்து அம்மாவிடம் அடி வாங்கியதும் உண்டு. பல்புக்குக் காசு என்பதால் போட்டோகிராபர் தாலி கட்டும்போது ஒன்று, மாலை மாற்றும்போது ஒன்று என்று எண்ணி எண்ணித்தான் எடுப்பார். இப்போது ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுக்கிறார்கள். யார் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

இன்று நாம் வாங்கும் மின்னணு பிளாஷுக்கு வழி காட்டியவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த ஹரால்ட் எட்ஜர்டன். 1930களில் அவர் செய்ததன் சாரம் இதுதான்: மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கண்டென்சரில் சேர்த்து வைத்து, வாயு நிரப்பிய குழாயில் ஒரே நொடியில் கொட்டிவிடுவது. ஒரே நொடி என்றேன்; உண்மையில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. என் பழைய பிளாஷ் 'கீ' என்று கூவியது பேட்டரியின் 6 வோல்ட்டைச் சுமார் 300 வோல்ட்டாக ஏற்றும் சத்தம். (இந்தக் கண்டென்சர் பேட்டரியை எடுத்த பிறகும் வெகுநேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வீட்டில் யாரும் பிளாஷைத் திறந்து பார்க்க வேண்டாம்.)

அந்தக் காலத்து பிளாஷ்களில் பலவற்றில், இந்த மின்னழுத்தத்தில் ஒரு பகுதி கேமராவின் தொடுமுனை வரை அப்படியே வந்து நிற்கும். பிலிம் கேமராவுக்குள் இருந்தது இரண்டு உலோகத் துண்டுகள். அவை ஒட்டும், விலகும்; இருநூறு வோல்ட் அவற்றை ஒன்றும் செய்யாது. டிஜிட்டல் கேமராவுக்குள் அந்த இடத்தில் இருப்பது மின்னணுச் சில்லு. 1992ல் வந்த சர்வதேசத் தர விதி 24 வோல்ட் என்று வரையறுத்தது. சில கேமராக்கள் 250 வரை தாங்கும் என்று அவற்றின் கையேடே சொல்கிறது. சிலவற்றுக்கு 6 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்பார்கள். கையேட்டைப் பார்க்காமல் பழைய பிளாஷை மாட்டாதீர்கள். நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒன்று இருக்கும் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

வோல்ட் சரியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. 1975ல் ஒலிம்பஸ் ஓ.எம்-2 கேமரா, பிலிமின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து, போதும் என்றதும் பிளாஷை நிறுத்தியது. லென்ஸ் வழியே அளப்பதால் அதற்கு டி.டி.எல். என்று பெயர். டிஜிட்டல் சென்சாரின் பளபளப்பு பிலிமைப் போல இல்லை. அந்தக் கணக்கு உதைத்தது. இப்போது படத்துக்கு ஒரு கணம் முன்பே சின்னதாக ஒரு முன்னொளி அடித்து அளந்துகொள்கிறார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டே விழுவதற்கு அந்த முன்னொளிதான் காரணம். இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும் சிறு முனைகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நடுப்பொட்டு மட்டும் பெரும்பாலான கேமராக்களுக்குப் பொது. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுக்கு வேறு பூட்டின் சாவி சேராது என்பது போலத்தான். உங்கள் கேமராவின் பெயரைச் சொல்லித்தான் டி.டி.எல். பிளாஷ் கேட்க வேண்டும்.

பேரனுக்கு நான் டி.டி.எல். வேண்டாம் என்றேன். கணக்குப் போடத் தெரிந்தால் கையால் அளவு வைக்கும் பிளாஷே போதும், விலையும் பாதிக்கும் கீழே. பெட்டியின் மேல் 'கைடு நம்பர்' என்று போட்டிருக்கும். அதைத் தூரத்தால் வகுத்தால் லென்சின் துளை எண். 36 என்றால், நாலரை மீட்டரில் நிற்பவருக்கு எஃப் 8. இது ஐஎஸ்ஓ 100க்கு. 400 வைத்தால் எண் இரட்டிப்பாகும். கேமராவோடு வரும் குட்டி பிளாஷின் எண் பெரும்பாலும் 12 அளவுதான். ஆனால் கடைக்காரர் காட்டும் 58, 60 எல்லாம் விளக்கின் தலையை முழு ஜூமில் குவித்து அளந்தது. 35 மில்லிமீட்டரில் எவ்வளவு என்று கேளுங்கள், வெகுவாகக் குறைந்துவிடும்.

எனக்கு எண்ணைவிட முக்கியம் தலை திரும்புகிறதா என்பது. மேலும் கீழும், பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். வெளிச்சத்தை வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பினால் அது ஜன்னல் வெளிச்சம் மாதிரி மிருதுவாக விழும். யார் கண்ணிலும் நேரே குத்தாது. பச்சைச் சுவரில் அடித்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் பச்சையாக வருவார்கள், அது வேறு. கடைசியில் ஒரு சீனத் தயாரிப்பை வாங்கினோம்: கோடாக்ஸ், கையால் அளவு வைப்பது. கேமராவிலிருந்து தள்ளி வைத்து ரேடியோவில் இயக்கும் கருவியும் சேர்த்து. பனிப்பொட்டுகளுக்கு மருந்து அதுதான். விளக்கு லென்சை விட்டு விலகினாலே பாதிப் பொட்டுகள் போய்விடும்.

புது பிளாஷ் கையில் வந்ததும் பேரனுக்கு அடுத்த ஆசை, தேவாங்கு. 2022 அக்டோபரில் நம் மாவட்டத்தையும் கரூரையும் சேர்த்து 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. ஒல்லியானவனைத் திட்ட மட்டும் நாம் பயன்படுத்திய பெயர். அய்யலூருக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும், வனத்துறையில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எங்களை இரவில் அழைத்தார். பையில் பிளாஷைப் பார்த்ததும், "அது உள்ளேயே இருக்கட்டுங்க" என்றார். 1997-98ல் அன்னா நெக்காரிஸ் என்ற ஆய்வாளர் அய்யலூர்க் காட்டில் மாதக் கணக்கில் இரவிரவாகத் தேவாங்குகளின் பின்னால் நடந்தபோதும் விளக்கில் சிவப்பு வடிகட்டிதானாம். முகத்தில் பாதி கண்ணாக இருக்கும் பிராணி. குதிரைக்கு இருக்கும் அதே கண்ணாடிப் படலம் அதற்கும் உண்டு.

டார்ச்சில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு வேலி ஓரமாக நடந்தோம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு கருவேல மரத்தில் இரண்டு செந்தணல் பொட்டுகள். அசையவில்லை, எங்களைப் பார்த்தபடியே ஒரு கையை எடுத்து அடுத்த கிளையில் வைத்தது, அவ்வளவு மெதுவாக. பேரனின் விரல் கேமராவின் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. வீடு வரும்வரை என்னோடு பேசவும் இல்லை.

தை கடைசியில் அவன் மறுபடி வந்தபோது சிறுமலைக்குப் போனோம். அதே குதிரைக்காரரைத் தேடிப் பிடித்து, அனுமதி கேட்டு, லாயத்தில் குதிரை கொள்ளு தின்றுகொண்டிருக்கும்போது பிளாஷைப் பின்பக்கம் திருப்பி, வெள்ளையடித்த சுவரில் அடித்து, பதினாறில் ஒரு பங்கு ஒளியில் எடுத்தான். குதிரை வாயை மட்டும் ஒரு கணம் நிறுத்திவிட்டு, திரும்பத் தின்ன ஆரம்பித்தது.

பிரிண்ட் போட்டு பங்குனியில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "கண்ணு சரியா இருக்குங்க" என்றார். பிறகு, வலது காலில் பழைய தழும்பு ஒன்று படத்தில் தெரிகிறதா என்று என்னிடம் கேட்டார். தெரிந்தது.