குறுந்துறை வலைத்தளம்

குறுந்துறை வலைத்தளம் என்பது மிகக் குறுகிய ஒரு பொருளைப் பற்றி மட்டும் எழுதப்பட்டு, தேடுபொறிகளின் வழியாக வரும் வாசகர்களைக் கொண்டு விளம்பரம் அல்லது தரகு மூலம் வருமானம் ஈட்டும் சிறிய வலைத்தளம் ஆகும். ஆங்கிலத்தில் இது நிச் சைட் என்று அழைக்கப்படுகின்றது. பெரும்பாலும் ஒருவரோ இருவரோ நடத்துவர். பக்கங்களின் எண்ணிக்கை பத்திலிருந்து சில நூறு வரை இருக்கும். தையற்கலை முழுவதையும் பற்றிய தளம் இவ்வகையில் சேராது. வீட்டுத் தையல் இயந்திரங்களையும் அவற்றில் ஏற்படும் கோளாறுகளையும் பற்றி மட்டும் பேசும் தளம் சேரும்.

இத்தகைய தளங்கள் ஐக்கிய அமெரிக்காவின் இணைய விளம்பரச் சந்தையை ஒட்டி 2003ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெருகின. ஓர் ஆள்களப் பெயரும் சிறிதளவு வழங்கி இடமும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்பதே இவற்றின் கவர்ச்சி. ஆனால் இவற்றுக்கு வரும் வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் கூகிள் என்னும் ஒரே தேடுபொறியின் வழியாகவே வருகின்றனர். எனவே அந்நிறுவனம் தனது தரவரிசை முறையை மாற்றியபோதெல்லாம் பல தள உரிமையாளர்கள் ஓரிரு நாட்களில் தமது வருமானத்தின் பெரும்பகுதியை இழந்துள்ளனர்.

வரலாறு

அமேசான் நிறுவனம் 1996ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தனது தரகுத் திட்டத்தைத் தொடங்கியது. ஒருவர் தமது தளத்தில் இட்ட இணைப்பைச் சொடுக்கிச் செல்பவர் புத்தகம் வாங்கினால், விலையில் ஒரு பங்கு தள உரிமையாளருக்குக் கிடைத்தது. தேடுசொற்களுக்கு விலை வைக்கும் முறை 1998ஆம் ஆண்டு கோடூ.காம் என்ற தேடுபொறியில் அறிமுகமானது. விளம்பரதாரர் ஒரு சொல்லுக்கு ஏலம் கேட்டு, தமது விளம்பரம் சொடுக்கப்பட்டால் மட்டும் பணம் செலுத்தினர். கூகிள் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் சேவையைத் தொடங்கி, 2002இல் இதேபோன்ற ஏல முறைக்கு மாறியது.

குறுந்துறைத் தளங்களுக்கு உண்மையில் வழி திறந்தது 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான ஆட்சென்ஸ் சேவையே. அதற்கு முன்னர் ஒரு சிறிய தளத்தை நடத்துபவர் தாமே விளம்பரதாரரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆட்சென்ஸ் வந்தபின், சில வரி நிரற்றொடரைப் பக்கத்தில் ஒட்டினால் போதும். நிரல் அப்பக்கத்தின் உரையைப் படித்துப் பொருத்தமான விளம்பரத்தைத் தானாகவே இட்டது. அதே ஆண்டில் வேர்ட்பிரஸ் என்ற கட்டற்ற மென்பொருளும் வெளிவந்தது. நிரலாக்கம் அறியாதவரும் தளம் அமைக்க அது உதவியது. 2004ஆம் ஆண்டு அக்டோபரில் வயர்டு இதழில் கிறிஸ் ஆண்டர்சன் எழுதிய நீண்ட வால் என்ற கட்டுரை, குறைவாக விற்கும் எண்ணற்ற பொருட்கள் ஒன்றுசேர்ந்தால் பெருஞ்சந்தை ஆகும் என்று விளக்கியது. தளம் அமைப்போர் இக்கருத்தைத் தேடுசொற்களுக்குப் பொருத்திக்கொண்டனர்.

துறையைத் தெரிதல்

இத்தொழிலின் கடினமான பகுதி எழுதுவது அன்று. எதைப் பற்றி எழுதுவது என்று தெரிவதே. தையல் இயந்திரம் என்ற தேடுசொல்லைப் பலர் தேடுகின்றனர். ஆனால் அதற்கான முதற்பக்கத்தில் உற்பத்தி நிறுவனங்களும் பெரிய இணையக் கடைகளும் அமர்ந்திருக்கும். புதிய தளம் அங்கே நுழைய இயலாது. தொடக்கநிலையாளருக்கு ஏற்ற சிறிய தையல் இயந்திரம் எது என்று தேடுபவர் குறைவு. எனினும் அவர் வாங்கும் எண்ணத்தோடு வருபவர். தைக்கும்போது அடியில் நூல் சிக்குவது ஏன் என்று தேடுபவரிடம் ஏற்கனவே இயந்திரம் இருக்கின்றது. அவருக்கு வேண்டியது விடை மட்டுமே.

தேடுபவரின் நோக்கத்தை இவ்வாறு பகுக்கும் வழக்கம் ஆந்திரேய் புரோடர் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையோடு பரவலாயிற்று. அவர் தேடல்களை ஒரு குறிப்பிட்ட தளத்துக்குச் செல்பவை, தகவல் நாடுபவை, ஒரு செயலை முடிப்பவை என மூன்றாகப் பிரித்தார். குறுந்துறைத் தளத்தின் வருமானம் பெரும்பாலும் மூன்றாவது வகையிலிருந்தும் அதை நெருங்கிய ஒப்பீட்டுத் தேடல்களிலிருந்தும் வருகின்றது. நூல் சிக்கலுக்கு விடை கூறும் பக்கம் எவ்வளவு பயனுள்ளதாக இருந்தாலும் அதன் வருவாய் குறைவு. இத்துறையின் பல சிக்கல்களுக்கு வேர் இதுவே.

தேடல் எண்ணிக்கையை அறிய, விளம்பரதாரர்களுக்காகக் கூகிள் உருவாக்கிய தேடுசொற் கருவி பயன்பட்டது. 2013ஆம் ஆண்டு அதன் இடத்தைக் கீவேர்டு பிளானர் பிடித்தது. 2016 முதல், விளம்பரத்துக்கு மிகக் குறைவாகச் செலவிடும் கணக்குகளுக்குத் துல்லியமான எண்ணுக்குப் பதிலாக 1,000 முதல் 10,000 வரை என்பது போன்ற வீச்சே காட்டப்படுகின்றது. இக்கருவியில் போட்டி எனக் குறிக்கப்படுவது, அச்சொல்லுக்கு விளம்பரம் தரப் போட்டியிடுவோரைக் குறிக்கும். தேடல் முடிவுகளில் முன்னணிக்கு வருவது எவ்வளவு கடினம் என்பதை அது காட்டாது. புதியவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். உண்மையான போட்டியை அறிய, அச்சொல்லைத் தேடி, முதலில் வரும் பத்துப் பக்கங்களையும் திறந்து படிப்பதே நம்பத்தக்க வழி.

சொடுக்கு ஒன்றின் விலையும் சொல்லுக்குச் சொல் வேறுபடும். கல்நார் தூசியைச் சுவாசிப்பதால் ஏற்படும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயின் பெயர் அமெரிக்காவில் மிக அதிக விலை பெறும் தேடுசொற்களுள் ஒன்றாக நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. நோயாளிகளுக்காக இழப்பீட்டு வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் ஒரு வழக்கிலேயே பெருந்தொகை பெற வாய்ப்புண்டு என்பதே காரணம். இதனால் மருத்துவமோ சட்டமோ அறியாத பலர் அந்நோயைப் பற்றித் தளங்கள் தொடங்கினர். நோயுற்றவரின் குடும்பத்தினர் விடை தேடி வந்து சேர்ந்தது அத்தகைய பக்கங்களுக்கும்தான்.

தளத்தை அமைத்தல்

தொழில்நுட்பப் பகுதி எளியது. டொமைன் எனப்படும் ஆள்களப் பெயரை ஆண்டுக் கட்டணத்துக்குப் பதிவு செய்து, பகிர்வு வழங்கியில் வேர்ட்பிரஸை நிறுவி, ஒரு தேடுசொல்லுக்கு ஒரு பக்கம் என்ற முறையில் எழுதுவர். தேடுசொல்லையே ஆள்களப் பெயராக வைக்கும் வழக்கம், 2012 செப்டம்பரில் கூகிள் அதன் பயனைக் குறைத்தபின் தேய்ந்தது. பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகள் தரவரிசையை உயர்த்தும் என்பதால் இணைப்புகளை விலைக்கு வாங்குவோரும் உண்டு. இது கூகிளின் விதிகளுக்கு மாறானது.

வருமானக் கணக்கு

ஆட்சென்ஸில் விளம்பரதாரர் செலுத்தும் தொகையில் 68 விழுக்காடு தள உரிமையாளருக்குச் சேர்வதாகக் கூகிள் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் முதன்முறையாக வெளியிட்டது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சொடுக்குக் கணக்கு கைவிடப்பட்டு, விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கையைக் கொண்டு பணம் தரும் முறை வந்தது. கணக்கில் 100 டாலர் சேர்ந்த பின்னரே பணம் அனுப்பப்படும். தமது விளம்பரத்தைத் தாமே சொடுக்குவது கணக்கு மூடப்படுவதற்குக் காரணமாகும்.

சொடுக்கு முறை நிலவிய காலத்தின் கணக்கை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாதம் 3,000 முறை தேடப்படும் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் முதலிடம் பெறுகின்றது எனக் கொள்வோம். மூன்றில் ஒருவர் அதைத் திறந்தால் 1,000 வாசகர்கள். நூற்றுக்கு இருவர் விளம்பரத்தைச் சொடுக்கினால் 20 சொடுக்குகள். ஒன்றுக்கு 25 சதம் கிடைத்தால் மாத வருமானம் 5 டாலர். ஆகவே 100 டாலர் பெற இதேபோன்று முதலிடம் பெற்ற 20 பக்கங்கள் வேண்டும். அதே பக்கம் முடிவுகளின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் வருமானம் ஏறத்தாழ இல்லை எனலாம்.

தரகு முறையில் தொகை கூடும். அந்த 1,000 வாசகர்களில் 300 பேர் கடைக்குச் சென்று, அவர்களுள் 15 பேர் 100 டாலர் பெறுமான பொருளை வாங்கினால், 8 விழுக்காட்டுத் தரகு 120 டாலர். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமேசான் அறைகலன், வீட்டுப் பராமரிப்பு, தோட்டப் பொருட்கள் முதலியவற்றுக்கான தரகை 8 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தது. வாசகரும் விற்பனையும் மாறாதபோதும் மேற்கண்ட 120 டாலர் 45 டாலர் ஆகிவிடும். கோவிட் பெருந்தொற்றின் தொடக்க வாரங்களில் இம்மாற்றம் அறிவிக்கப்பட்டது.

தளத்தையே விற்பதும் ஒரு வழி. 2009இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட பிலிப்பா போன்ற சந்தைகளில் தளத்தின் விலை, அதன் மாத இலாபத்தின் மடங்காகப் பேசப்படுகின்றது. வாங்குபவர் கடந்த கால வாசகர் வரவுக்கே விலை தருகின்றார். அது தொடரும் என்பதற்கு விற்பவர் உறுதி தர இயலாது.

தேடுபொறி மாற்றங்கள்

2000களின் இறுதியில், தேடுசொற்களைக் கணக்கிட்டு மலிவான கட்டுரைகளைப் பெருமளவில் எழுதுவித்த நிறுவனங்கள் உள்ளடக்கப் பண்ணைகள் எனப் பெயர் பெற்றன. ஈஹவ் தளத்தை நடத்திய டிமாண்ட் மீடியா 2011 ஜனவரியில் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தது. அடுத்த மாதமே கூகிள் பின்னாளில் பாண்டா என அறியப்பட்ட மாற்றத்தைச் செய்தது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 விழுக்காட்டை இது பாதிக்கும் என்று கூகிள் கூறியது. 2012 ஏப்ரலில் வந்த பென்குவின் மாற்றம் செயற்கை இணைப்புகளைக் குறிவைத்தது. சில நாட்களில் எழுதி முடித்த ஐந்து பக்கத் தளங்களின் காலம் இவற்றோடு பெரிதும் முடிந்தது.

எஞ்சியோர் பொருட்களை நேரில் சோதித்து நீண்ட மதிப்புரைகள் எழுதும் திசையில் நகர்ந்தனர். பிரையன் லாம் 2011இல் தொடங்கிய வயர்கட்டர் இப்போக்கின் பெரிய வெற்றி. அதனை நியூயார்க் டைம்ஸ் 2016ஆம் ஆண்டு சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. ஆயினும் அது வளர்ந்து பெருந்தளம் ஆனது. பெரும்பான்மையான தளங்களுக்கு அதை ஒரு முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது.

2022 ஆகஸ்டிலும் 2023 செப்டம்பரிலும் பயனுள்ள உள்ளடக்கம் என்ற பெயரில் கூகிள் செய்த மாற்றங்கள் வேறு விளைவைத் தந்தன. தேடுபொறிக்காக எழுதப்பட்டவற்றைப் பின்தள்ளுவதே அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் பொருளை வாங்கிச் சோதித்து எழுதுவதாகக் கூறிய தளங்கள் சிலவும் வீழ்ந்தன. காற்றுத் தூய்மைக் கருவிகளைச் சோதிக்கும் ஹவுஸ்பிரெஷ் தளம் 2024 பிப்ரவரியில் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. புகழ்பெற்ற இதழ்களின் பெயரில் வரும் பரிந்துரைப் பட்டியல்கள், போதிய சோதனையின்றியே தம்மைப் போன்ற தளங்களுக்கு மேலே வைக்கப்படுகின்றன என்பது அதன் குற்றச்சாட்டு. பெரிய தளத்தின் நற்பெயரைப் பயன்படுத்தி அயலார் பக்கங்களை ஏற்றும் வழக்கத்துக்கு எதிரான விதியை அடுத்த மாதமே கூகிள் அறிவித்தது.

இதற்கிடையில், செருமனியின் இலைப்சிக், வைமார் நகரங்களின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,392 பொருள் மதிப்புரைத் தேடல்களை ஓராண்டு கண்காணித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டனர். முன்னணியில் வரும் பக்கங்களில் தரகு இணைப்புகள் மிகுதியாகவும் உரையின் தரம் குறைவாகவும் காணப்படுவதாக அவர்கள் கண்டனர்.

2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியா உள்ளிட்ட நாடுகளிலும் அறிமுகமான செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள், விடையைத் தேடல் பக்கத்திலேயே காட்டுகின்றன. விடை எடுக்கப்பட்ட தளத்துக்கு வாசகர் செல்ல வேண்டிய தேவை இதனால் குறைகின்றது.

விமர்சனங்கள்

இயந்திரத்தைத் தொடாமலே பத்துச் சிறந்த தையல் இயந்திரங்கள் எனப் பட்டியலிடுவது இவ்வகைத் தளங்கள் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு ஆகும். அறிந்தவர் எழுதுவதற்கும் மற்றவர் தொகுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை முன்னர் கூறிய நூல் சிக்கலிலேயே காணலாம். நூல் துணியின் அடிப்பக்கத்தில் சிக்குவதால் புதியவர் பாபினைக் குறை கூறுவார். பெரும்பாலும் பிழை மேல்நூலைக் கோத்த முறையில் இருக்கும். அழுத்துக்காலை உயர்த்தி வைத்து மேல்நூலை மீண்டும் கோத்தால் சரியாகிவிடும். இதை அறியாமல் பிற பக்கங்களைத் தொகுத்து எழுதியவர், புதிய பாபின் வாங்கத் தரகு இணைப்பு தருவார்.

அமெரிக்க வணிக ஆணையம் 2009ஆம் ஆண்டு திருத்திய வழிகாட்டுதல்கள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே பணத் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்கின்றன. போலி மதிப்புரைகளைத் தடை செய்யும் விதியை அவ்வாணையம் 2024இல் இயற்றியது. இத்தொழிலைக் கற்பிக்கும் கட்டண வகுப்புகளும் ஏராளம். கற்பிப்பவரின் வருமானம் தளத்திலிருந்து வருகின்றதா, வகுப்பிலிருந்து வருகின்றதா என்று சேர்வதற்கு முன் கேட்டறிவது நன்று.

தமிழில்

ஆட்சென்ஸ் ஆதரிக்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் சேர்க்கப்பட்டது. இந்தி 2014இலும் வங்காளம் 2017இலும் சேர்ந்திருந்தன. அதுவரை தமிழில் மட்டும் எழுதியவர்களுக்கு முறையாக இவ்விளம்பரங்களைப் பெறும் வழி இருக்கவில்லை.

தேடுசொல் ஆய்வில் தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் உள்ளன. ஒரே பொருளைத் தையல் இயந்திரம், தையல் மெஷின், தையல் மிஷின் என்று மூவிதமாகத் தேடுவர். வேற்றுமை உருபு ஏறினால் சொல்லின் வடிவமும் மாறும். பலர் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்துகளில் தட்டச்சிடுகின்றனர். இதனால் கருவிகள் காட்டும் எண்கள் பல கூறுகளாகச் சிதறி, உண்மைத் தேவை குறைவாகத் தோன்றும். தமிழ்ப் பக்கங்களுக்கான விளம்பர விலையும் ஆங்கிலப் பக்கங்களைவிடக் குறைவு. சமையல், வேளாண்மை, அரசுப் பணித் தேர்வுகள் ஆகியவற்றைப் பற்றிய தமிழ்த் தளங்கள் பல உள்ளன. பொருட்களை நேரில் சோதித்து எழுதும் தமிழ்த் தளங்கள் அரிது.