காவியம் ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுது!

'பேவுல்ஃப்' அனிமேஷன் படம் பார்த்திருக்கீங்களா? 3,182 வரிகள் கொண்ட பழைய ஆங்கிலக் காவியம்தான் அதன் மூலம். மிஞ்சியிருப்பது ஒரே கையெழுத்துப் பிரதி; 1731 தீ விபத்தில் அதன் ஓரங்களும் கருகிவிட்டன.

2007-ல் ராபர்ட் ஸெமெக்கிஸ் இதைப் படமாக்கினார். நடிகர்களின் அசைவுகளைப் பதிவுசெய்து கணினி உருவங்களுக்குக் கொடுக்கும் 'பெர்ஃபாமன்ஸ் கேப்ச்சர்' முறை. அதனாலதான் 50 வயதை ஒட்டிய ரே வின்ஸ்டோன், கட்டுமஸ்தான இளம் வீரனாகத் தெரிகிறார்.

பெரிய மாற்றம் கதையில்தான். காவியத்தில் அரக்கன் கிரெண்டலின் தாயை ஹீரோ கொன்றுவிடுவான். 50 வருஷம் ஆண்டபின் டிராகனோடு மோதி உயிரைவிடுவான். படத்திலோ அவளிடம் மயங்கி, கொன்றதாகப் பொய் சொல்கிறான். டிராகன் அவன் மகன்! பழைய பொய்தான் நெருப்பைக் கக்கிக்கிட்டு திரும்பி வருது.

அதனால, படம் பார்த்துட்டு காவியம் தெரியும்னு நினைச்சுடாதீங்க!