வான்காவல் இழந்த கப்பல்களும் தோட்டத் தமிழரும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த தமிழரின் வாழ்வு, அவர்கள் காணாத கடற்போர் ஒன்றாலும் நிலைகுலைந்தது எனலாம். கிளந்தான், சயாம் கரைகளில் இறங்கிய ஜப்பானியரைத் தடுக்கச் சென்ற 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 1941 டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கின. மாண்டோர் 840 பேர். மூழ்கடித்தவை பகைக் கப்பல்கள் அல்ல. பிரெஞ்சு இந்தோசீனத் தளங்களிலிருந்து பறந்துவந்த விமானங்களே.

குறை யாது? முதற்கப்பலில் 14 அங்குலப் பீரங்கிகள் பத்து இருந்தன. அவை கப்பலோடு பொருதுவதற்கு ஏற்றவை. வானிலிருந்து பாய்ந்துவரும் விமானத்திற்கு அல்ல. துணைநிற்க விமானந்தாங்கிக் கப்பலும் உடன் வரவில்லை.

அக்குறையை நீக்கும் நோக்குடன் எழுந்ததே வான்காவல் நாசகாரிக் கப்பல். பிரான்ஸும் இத்தாலியும் கூடி வகுத்த திட்டத்தில் உருவாகி, 2005இல் நீரில் இறங்கிய 'போர்பன்' அதற்குச் சான்றாகும். அதன் நீளம் 153 மீட்டர். பீரங்கிகளோ 76 மில்லிமீட்டர் அளவினவே. ஆனால் முன்தளத்தினுள் 48 'ஆஸ்டர்' ஏவுகணைகள் செங்குத்தாக நிற்கின்றன. ரேடார் பகையைத் தொலைவிலேயே கண்டு காட்ட, ஏவுகணை எதிர்சென்று தாக்கும். தன்னை மட்டுமன்றி, உடன்வரும் கப்பல்களையும் காப்பதே அதன் கடமை.

அத்தகைய காவல் அன்று இருந்திருப்பின் மலாயா பிழைத்திருக்கும் என்று துணிந்து கூறல் இயலாது. ஆயினும் கடற்காவல் அழிந்த சில வாரங்களில், 1942 ஜனவரியில், சிரம்பான் வீழ்ந்தது. பின்னர்த் தோட்டத் தமிழர் பலர் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டனர். திரும்பாதோர் மிகப்பலர். கப்பலின் குறைக்கு விலை கொடுத்தோர் கடலில் மாண்ட மாலுமிகள் மட்டுமல்லர்.