பவுனுக்கு மூன்று பென்ஸ்

வேல்ஸ் நாட்டின் தென்கிழக்கே, சிர்ஹோவி ஆற்றுப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில், டிரெடிகர் என்னும் சிறு நகரம் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்பாலைக்காக எழுந்த ஊர் அது. பின்னர் நிலக்கரிச் சுரங்கங்கள் அதன் பிழைப்பாயின. ஊருக்கு வெளியே, கெவன் கோலாய் என்னும் மேட்டுப் புல்வெளியில், தனித்த இடுகாடு ஒன்று இருக்கிறது. 1832-லும் 1849-லும் வாந்திபேதி கொண்டுபோனவர்களைத் தொற்றுக்கு அஞ்சி ஊர்க் கல்லறையில் சேர்க்காமல் அங்கே புதைத்தார்கள். சாய்ந்தும் சரிந்தும் கிடக்கும் அந்தக் கற்கள் இவ்வூர் மருத்துவ வரலாற்றின் முதல் ஏடு.

இங்கு உழைப்பாளிகள் தமக்கென அமைத்துக்கொண்ட மருத்துவ உதவிச் சங்கமே பிரிட்டனின் தேசிய சுகாதார சேவைக்கு முன்மாதிரி என்பது பரவலாக வழங்கும் கூற்று. அது பாதி உண்மை. சங்கத்தின் பணமுறை நாடெங்கும் சென்றது. அதன் ஆட்சிமுறை ஊரெல்லையிலேயே நின்றுவிட்டது. இந்த இரண்டாம் பாதியைப் பேசுவோர் குறைவு.

சங்கம் தோன்றுமுன் இப்பள்ளத்தாக்குகளில் வழக்கில் இருந்தது கம்பெனி மருத்துவர் முறை. ஆலை முதலாளியோ சுரங்க முதலாளியோ ஒரு மருத்துவரை அமர்த்துவார். தொழிலாளியின் கூலியிலிருந்து அதற்கென ஒரு தொகை பிடிக்கப்படும். பணம் தொழிலாளியுடையது, மருத்துவரைத் தேர்வது முதலாளி. சுரங்கத்தில் கால் நசுங்கியவனுக்குக் காயத்தின் அளவை எழுதித் தரும் கையும், முதலாளியிடம் சம்பளம் வாங்கும் கையும் ஒன்றாயிருந்தால் அந்த எழுத்து எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே எங்கள் பணத்தில் வரும் மருத்துவரை நாங்களே அமர்த்துவோம் என்ற குரல் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் வேல்ஸ் முழுவதும் எழுந்தது. அதன் விளைவாகப் பல ஊர்களில் சங்கங்கள் தோன்றின. டிரெடிகர் சங்கம் உருப்பெற்றது 1890-இல்.

அதன் கணக்கு மிக எளியது. கூலியில் பவுனுக்கு மூன்று பென்ஸ். அந்நாளில் ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். ஆகவே ஈட்டியதில் எண்பதில் ஒரு பங்கு. இருவர் கூலி வேறுபட்டால் இருவர் செலுத்துவதும் வேறுபடும். இருவர் வீட்டில் நோய் வந்தால் கிடைக்கும் மருத்துவம் ஒன்றே. பணம் கேட்கப்படும் நேரம் சம்பள நாள். படுக்கையருகே பணப்பேச்சு கிடையாது. ஏழைக் குடும்பத்துக்கு மருத்துவம் எட்டாமற் போவதற்குக் கட்டணத்தின் அளவு ஒரு காரணம் என்றால், அது கேட்கப்படும் வேளை மற்றொரு காரணம். உழைப்பவன் படுத்துவிட்ட வாரத்தில்தான் வீட்டில் கூலி இராது. அதே வாரத்தில்தான் மருத்துவர் கட்டணமும் வந்து நிற்கும். சங்கம் இவ்விரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிட்டது. எண்பதில் ஒரு பங்கு என்ற எண்ணைக் காட்டிலும் இந்தப் பிரிவினையே பெரிய சாதனை எனல் வேண்டும்.

1904-இல் ஊரில் ஒரு சிறு மருத்துவமனையும் திறக்கப்பட்டது. அதற்கும் தொழிலாளர் பணம் கொடுத்தனர். காலப்போக்கில் சங்கம் மருத்துவர்களோடு பல் மருத்துவர், மருந்தாளுநர், வீடு தேடிச் செல்லும் செவிலியர் எனத் தன் பணியாளரைப் பெருக்கிக்கொண்டது. மூக்குக் கண்ணாடி, பொய்ப்பல், செயற்கைக் கால் முதலியனவும் கிடைத்தன. சுரங்கத் தொழிலாளர், இரும்பாலைத் தொழிலாளர் அல்லாத ஊர் மக்களும் சந்தா கட்டிச் சேர, ஊராரில் மிகப் பெரும்பாலோர் அதன் குடைக்கீழ் வந்தனர்.

இதை நடத்தியது தொழிலாளரே தேர்ந்த குழு. பகலில் நிலத்தடியில் கரி வெட்டியவர்கள் மாலையில் மேசையைச் சுற்றி அமர்ந்து மருத்துவரை அமர்த்தினர், ஊதியம் பேசினர், அவர்மீது வந்த புகாரை விசாரித்தனர். படித்த மருத்துவர்களுக்கு இது பொறுக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தென் வேல்ஸ் சங்கங்களுக்கும் பிரிட்டிஷ் மருத்துவ சங்கத்துக்கும் நெடும்போர் நடந்தது. பிடித்த தொகை நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும், குழுவின் கையில் சேரக்கூடாது என்பது மருத்துவர் பக்கத்து வாதம். மருத்துவம் அறியாதவன் மருத்துவனை ஆளலாமா என்றனர் அவர்கள். முதலாளி ஆண்டபோது இக்கேள்வி இத்தனை உரக்க எழவில்லை.

1911-இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்புறுதிச் சட்டம் இவ்வரலாற்றில் முக்கியமான திருப்பம். வாரந்தோறும் தொழிலாளி நான்கு பென்ஸ், முதலாளி மூன்று, அரசு இரண்டு என்று ஒன்பது பென்ஸ் சேரும். நாலு கொடுத்து ஒன்பது வாங்கலாம் என்று மேடையில் முழங்கினார்கள். நாடு முழுவதற்குமான முதல் திட்டம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆயினும் அதன் கண்ணுக்குத் தெரிந்தவன் சம்பாதிப்பவன் மட்டுமே. அவனுக்கு மருத்துவர் உண்டு. அவன் மனைவிக்கும் மக்களுக்கும் இல்லை. பேறுகாலத்தில் ஒருமுறை முப்பது ஷில்லிங் கிடைக்கும், அத்தோடு சரி. பொது மருத்துவமனைச் சிகிச்சையும் அதில் அடங்கவில்லை.

இதன் விளைவு என்ன என்பதை 1939-இல் மார்ஜரி ஸ்பிரிங் ரைஸ் வெளியிட்ட நூல் காட்டுகிறது. உழைக்கும் வர்க்கத்துக் குடும்பத் தலைவியர் 1,250 பேரிடம் கேட்டறிந்த செய்திகளின் தொகுப்பு அது. இரத்தசோகை, தலைவலி, கால் நரம்பு வீக்கம், மகப்பேற்றின் பின் ஆறாது நின்ற கோளாறுகள் ஆகியவற்றை அப்பெண்கள் நோய் என்றே எண்ணவில்லை; வாழ்க்கை என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டனர். வீட்டில் இருக்கும் காசில் முதல் உரிமை கணவனுக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, மிஞ்சினால் தனக்கு என்ற வரிசை அந்நாட்டிலும் இருந்தது. தமிழ் வீடுகளில் பானையின் அடியில் மிஞ்சியதை உண்ணும் தாய்மாரை அறிந்தவர்களுக்கு அந்நூல் அயல்நாட்டு நூலாகத் தோன்றாது.

டிரெடிகர் போன்ற சங்கங்களின் தனிச்சிறப்பு இவ்விடத்தில்தான் விளங்கும். அவை தொடக்கம் முதலே குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டவை. கூலி ஒருவனுடையது, அதிலிருந்து பிடித்த மூன்று பென்ஸுக்கு மனைவி, மக்கள் அனைவரும் உரியர். 1911-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின்னும் அதன்கீழ் ஏற்பு பெற்ற நிறுவனங்களாய் இச்சங்கங்கள் நிலைத்தன. சட்டம் விட்ட இடத்தைக் கூலிப் பிடித்தம் நிரப்பிற்று. நாட்டரசு காணாத பெண்ணை ஒரு பள்ளத்தாக்கின் கரி வெட்டிகள் கண்டுகொண்டனர்.

இச்சங்கம் இலக்கியத்துள் நுழைந்த கதை சுவையானது. ஸ்காட்லாந்தில் பிறந்து கிளாஸ்கோவில் மருத்துவம் பயின்ற ஏ.ஜே. குரோனின், 1921-இல் வேல்ஸ் சுரங்கப் பகுதிக்கு வந்து, 1924 வரை அங்கே பணியாற்றினார். டிரெடிகர் சங்கத்தில் உதவி மருத்துவராயிருந்தது இக்காலத்தில்தான். பிறகு சுரங்க மருத்துவ ஆய்வாளராகிக் கரித்தூசி நுரையீரலுக்குச் செய்யும் தீங்கை ஆராய்ந்தார். இலண்டனில் தொழில் நடத்தினார். உடல்நலம் குன்றி ஓய்வெடுத்தபோது எழுத்தாளரானார். 1937-இல் வெளிவந்தது 'தி சிட்டாடல்'. ஓரிரு மாதங்களிலேயே இலட்சக்கணக்கானோர் கைக்குச் சென்ற நாவல் அது. மறு ஆண்டே கிங் விடர் அதைத் திரைப்படமாக்கினார். 1971-இல் வந்த 'தேரே மேரே சப்னே' என்னும் இந்திப் படமும் அதன் தழுவலே.

தேசிய சுகாதார சேவை பிறக்க இந்நாவல் காரணம் என்பர். நாவலைப் படித்தவர்கள் சற்றுத் திகைப்பர். ஏனெனில் அதில் வரும் அபராலா ஊரின் மருத்துவ உதவிச் சங்கம் போற்றப்படவே இல்லை. தலைமை மருத்துவர் லெவெலின் உதவி மருத்துவர்களின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தட்டிக்கொள்கிறார். நோயில்லாமலே நோய்ச் சான்று கேட்டு வரும் தொழிலாளியோடு கதாநாயகன் மேன்சன் மோதுகிறான். கரித்தூசி ஆராய்ச்சிக்காக அவன் வளர்த்த கினிப் பன்றிகளைச் சாக்கிட்டுக் குழு அவனை விசாரிக்கிறது. அவன் விலகிச் செல்கிறான். பின்னாளில் தன் வாழ்க்கை நினைவுகளை எழுதியபோதும் குரோனின், இலவசம் என்பதால் இரவு பகல் பாராது மக்கள் மருத்துவரை அழைத்தனர் என்று குறைப்பட்டுக்கொண்டார். நாவலின் இலட்சியம் அரசு மருத்துவம் அன்று. பணத்தாசையற்ற நேர்மையான தனி மருத்துவன்.

அவ்வாறாயின் நாவல் எதைச் செய்தது? பணம் படைத்தோரின் பொய் நோய்களுக்கு ஊசி போட்டுப் பொருள் குவித்த இலண்டன் மருத்துவர்களை அது தோலுரித்தது. கட்டணம் என்பது மருத்துவனை என்ன செய்கிறது என்று காட்டியது. வாசகன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டான். எழுதியவன் நினைத்தது ஒன்று, படித்த நாடு கேட்டுக்கொண்டது வேறொன்று என்பது இலக்கியத்தில் புதிதன்று. எனினும் சங்கத்தின் பெயரை உலகறியச் செய்த நூல் அச்சங்கத்தைக் குறைகூறிய நூல் என்பது நினைவில் இருத்தற்குரியது. குரோனினின் குறைகள் யாவும் கற்பனையும் அல்ல. வாக்குப் பெற்று வந்த குழு சிறுமைக்கு அப்பாற்பட்டதென்று யார் சொல்ல முடியும்?

குரோனின் நடந்த அதே தெருக்களில் அதே ஆண்டுகளில் நடந்த மற்றொருவர் அனைரின் பெவன். 1897-இல் டிரெடிகரில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பழைய வெல்ஷ் கவிஞர் ஒருவரின் பெயரைச் சுமந்தவர். சிறுவயதிலேயே சுரங்கத்துள் இறங்கினார். திக்குவாய் இருந்தது. தொழிலாளர் நூலகத்தின் நூல்களைப் படித்துத் தள்ளினார். திக்கும் சொல்லைத் தவிர்க்க அதற்கு இணையான வேறு சொற்களைத் தேடித் தேடியே அவர் சொல்வளம் பெருகியது என்பர். 1925-இல் அவர் தந்தை கரித்தூசி படிந்த நுரையீரலோடு மகன் கைகளிலேயே உயிர்விட்டார். அந்நோய் அப்போது இழப்பீட்டுக்குரிய பட்டியலில் இல்லை. ஒரு காசும் வரவில்லை. பெவன் மருத்துவமனைக் குழுவிலும் பணியாற்றினார். 1929-இல் நாடாளுமன்றம் சென்றார். 1945-இல் சுகாதார அமைச்சரானார்.

நாடு முழுவதையும் டிரெடிகர் ஆக்கப்போகிறோம் என்ற பொருளில் அவர் பேசியதுண்டு. பணத்தைப் பொறுத்தவரை அதைச் செய்தார்; சொல்லப்போனால் அதற்கு மேலும் சென்றார். சந்தாவுக்கு மாறாகப் பெரும்பகுதியும் பொது வரியிலிருந்து செலவு. சந்தா கட்டினாயா என்ற கேள்வியே இல்லை. ஆட்சியைப் பொறுத்தவரை நிலை வேறு. 1946-இல் சட்டம் நிறைவேறியது. ஆயினும் 1948 பிப்ரவரியில் மருத்துவ சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது மருத்துவர் எதிர்த்தனர். அரசு ஊதியக்காரர் ஆக்கிவிடுவார்கள் என்ற அச்சமே அதில் முதன்மை. பெவன் இறங்கி வந்தார். பொது மருத்துவர்கள் சம்பளக்காரராக மாட்டார்கள், தலைக்கு இவ்வளவு என்று பெறும் தனித் தொழிலராகவே இருப்பார்கள் என்று உறுதி தந்தார். பெரிய மருத்துவமனை வல்லுநர்களுக்கு அங்கேயே கட்டண நோயாளிகளைப் பார்க்கும் உரிமை அளித்தார். மருத்துவமனைகள் அரசுடைமையாயின, அவற்றை ஆள்வோர் தேர்ந்தெடுக்கப்படவில்லை, நியமிக்கப்பட்டனர்.

மருத்துவரை அமர்த்தவும் கேள்வி கேட்கவும் உரிமை பெற்றிருந்த கரி வெட்டிகளின் குழுவுக்கு இப்புதிய ஏற்பாட்டில் இடமில்லை. அரை நூற்றாண்டுப் போரில் மருத்துவர்கள் எதை எதிர்த்தார்களோ அதைப் பெவன் விட்டுக்கொடுத்தார். விட்டிராவிட்டால் 1948 ஜூலை 5 என்று குறித்த நாளில் கதவு திறந்திருக்குமா என்பது ஐயமே. அவர் செய்தது சரியான பேரம், ஆனால் பேரம்தான். கொடுத்த விலையைச் சொல்லாமல் பெற்ற பொருளை மட்டும் கொண்டாடுவது வரலாறாகாது.

கதவு திறந்தபோது உள்ளே வந்தவர்கள் யார் என்பதே அந்தப் பேரத்துக்குத் தீர்ப்பு. முதல் ஆண்டில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. அதுவரை கடைத்தட்டில் ஏதோ ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் கண்களைச் சோதித்துக்கொண்டனர். மருத்துவர்களை மிகவும் வியக்க வைத்தவர்கள் பெண்கள். கருப்பை இறக்கத்தோடு பல ஆண்டு நடமாடியவர்கள், குடலிறக்கத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்கள், வரிசையில் வந்து நின்றனர். 1911-ஆம் ஆண்டுச் சட்டம் காணாத பெண்கள் அவர்கள்.

செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. 1949-இல் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வரை வாங்க இடந்தரும் சட்டத் திருத்தம் பெவனின் காலத்திலேயே வந்தது; அது நடைமுறைக்கு வராமல் பார்த்துக்கொண்டார். 1951 ஏப்ரலில், கொரியப் போருக்கான படைச்செலவு கூடிய வேளையில், பொய்ப்பல்லுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலை கேட்பதென்று நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் முடிவு செய்தார். பெவன் அப்போது சுகாதார அமைச்சரும் அல்லர், தொழிலமைச்சர். ஆயினும் பதவி விலகினார். சில ஷில்லிங்குக்காக ஆட்சியையே அசைக்கலாமா என்று தம் கட்சியினரே சினந்தனர். பொய்ப்பல்லும் கண்ணாடியும் தொழிலாளர் சங்கமே கொடுத்துவந்த ஊரில் பிறந்தவருக்கு அது வெறும் ஷில்லிங் கணக்காகத் தோன்றவில்லை.

1952-இல் அடுத்து வந்த ஆட்சி மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் விதித்தது. 1965-இல் அது நீங்கிற்று, 1968-இல் மீண்டது. பெவன் 1960-இலேயே மறைந்துவிட்டார். தேசிய சுகாதார சேவை வேரூன்றிய ஆண்டுகளில் அப்பள்ளத்தாக்குகளின் சிறு மருத்துவ நிலையங்களுக்கு உள்நாட்டு மருத்துவர் வரத் தயங்கியபோது, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்ற மருத்துவர் பலர் அங்கே அமர்ந்து கரித்தூசி நெஞ்சுகளுக்குக் காது கொடுத்தனர். 2007 ஏப்ரலில் வேல்ஸ் தன்னாட்சி அரசு மருந்துச் சீட்டுக் கட்டணத்தை முற்றிலும் நீக்கிற்று. டிரெடிகரில் சீட்டை நீட்டினால் காசு கேட்பதில்லை. எல்லை தாண்டி இங்கிலாந்துப் பக்கம் போனால் அக்கட்டணம் இன்றும் உண்டு.