கொரிய அகராதி பழவேற்காடு வந்த கதை

பழவேற்காட்டில் உட்கார்ந்து கொரிய அகராதியைப் பற்றிப் பேசினால், அமாவாசைக்கும் அப்துல் காதருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் வழியாக.

1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஸ்பெர்வெர் ஒன்று. 1653 ஆகஸ்டில் தைவானிலிருந்து நாகசாகிக்குப் போகும்போது புயலில் சிக்கி, கொரியாவின் ஜேஜு தீவில் உடைந்தது. இருந்த 64 பேரில் கரையேறியவர்கள் 36 பேர். அந்நியரை வெளியே விடும் வழக்கம் கொரிய அரசுக்கு அப்போது இல்லை. பதின்மூன்று வருஷம் கழித்து எட்டுப் பேர் மட்டும் ஒரு படகைத் தேடிப்பிடித்து ஜப்பானுக்குத் தப்பினார்கள். அவர்களில் கணக்கர் ஹென்ட்ரிக் ஹாமல் எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. நமக்கு வேண்டியவர் அவரோடு தப்பிய மத்தேயஸ் ஐபோக்கன். அங்கே இருந்த வருஷங்களில் கொரிய மொழியைப் பிடித்தவர். ஊர் திரும்பியவரை ஆம்ஸ்டர்டாம் மேயர் நிக்கோலாஸ் விட்சன் விசாரித்துச் சொற்களை எழுதிக்கொண்டார். விட்சனின் புத்தகத்தின் 1705ஆம் வருஷப் பதிப்பில் சுமார் 140 கொரியச் சொற்கள் டச்சு எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. எண்களும் மாதங்களும் அதில் உண்டு. அகராதி என்று சொல்ல முடியாது. ஆனால் கொரிய மொழி ஓர் ஐரோப்பியரின் பயன்பாட்டுக்காகப் பட்டியலாக உட்கார்ந்தது ஏறக்குறைய இங்கேதான்.

அதே கம்பெனி பழவேற்காட்டில் மொழிப் பிரச்சினையை வேறு விதமாகச் சமாளித்தது. 1632 முதல் 1642 வரை இங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் இறந்த பிறகு 1651இல் அது வெளிவந்தது. இருவரும் பேசிக்கொண்டது டச்சிலும் இல்லை, தமிழிலும் இல்லை, போர்த்துகீசில். இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மூன்றாம் மொழி. கோட்டை இன்று முள்புதருக்குள் கிடக்கிறது. மூன்றாம் மொழி விவகாரம் மட்டும் இன்னும் தீரவில்லை.

அகராதி அடுத்துப் போனது பிரெஞ்சுப் பாதிரியார்களின் கைக்கு. பாரிஸ் அயல்நாட்டு மிஷன் சபை ஒரே நேரத்தில் புதுச்சேரியிலும் கொரியாவிலும் வேலை செய்தது. புதுச்சேரியில் மூசேயும் துப்புயியும் தமிழ்-பிரெஞ்சு அகராதியை 1855லும் 1862லுமாக இரண்டு பாகங்களில் கொண்டுவந்தார்கள். கொரியாவில் இருந்தவர்களுக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. 1866இல் அங்கே கத்தோலிக்கர்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். தப்பிவந்த ரிடெல், கொரியக் கிறிஸ்தவர்களின் உதவியோடு கொரிய-பிரெஞ்சு அகராதியைத் தயாரித்தார். 1880இல் அது யோகஹாமாவில் அச்சானது. அதே சபையைச் சேர்ந்த டாலே மைசூர்ப் பக்கம் பணியாற்றியவர். 1874இல் கொரியத் திருச்சபையின் வரலாற்றை எழுதும்போது கொரியத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டார். தென்னிந்தியாவில் இருந்தவருக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியம் இல்லை. 1905இல் ஹோமர் ஹல்பர்ட் இதற்கென்றே ஓர் ஒப்பிலக்கணம் எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. நம் வாட்ஸ்அப் குழுக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன.

இதுவரை வந்த அகராதிகள் எல்லாம் வெளியாட்களுக்காக. கொரியர்கள் தங்களுக்காக ஒன்று செய்யப் புறப்பட்டபோது நாடு ஜப்பான் கையில் இருந்தது. 1929இல் அகராதிக் குழு அமைந்தது. முதலில் எழுத்துக்கூட்டலை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதினால் எந்த இடத்தில் தேடுவது? 1933இல் கொரிய மொழிக் கழகம் அந்த விதிகளை வெளியிட்டது. பிறகு அட்டை அட்டையாகச் சொல் சேர்த்தார்கள். 1942 அக்டோபரில் கைதுகள் தொடங்கின. அகராதி செய்வது விடுதலை இயக்கம் என்பது குற்றச்சாட்டு. இரண்டு பேர் ஹாம்ஹங் சிறையிலேயே செத்தார்கள். கையெழுத்துப் பிரதிகள் சாட்சியமாகக் கோர்ட்டுக்குப் போயின. 1945 ஆகஸ்டில் ஜப்பான் வீழ்ந்தது. வெளியே வந்தவர்கள் பிரதிகளைத் தேடினால் எங்கும் காணோம்.

செப்டம்பர் 8ஆம் தேதி சியோல் ரயில் நிலையத்துச் சரக்குக் கிடங்கில் அவை அகப்பட்டன. மேல்முறையீட்டுக்காக ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொரு கோர்ட்டுக்கு அனுப்பப்பட்ட கட்டுகள், வழியில் கிடங்கில் தங்கிவிட்டிருந்தன. சுமார் 26,500 தாள்கள். கைது செய்த அரசாங்கத்தின் கோப்பு வழக்கமே கடைசியில் அகராதியைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். எரிக்காமல் பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். 1947 அக்டோபர் 9, ஹங்குல் நாளன்று முதல் பாகம் வந்தது. காகிதத்துக்கு அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியது. நடுவில் கொரியப் போர். ஆறாவது பாகம் 1957இல் முடிந்தபோது சொற்கள் 1,60,000ஐத் தாண்டியிருந்தன. எஞ்சிய கையெழுத்துத் தாள்களைத் தென் கொரிய அரசு 2020இல் பொக்கிஷங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆறு பாகம் எப்படிச் சட்டைப் பைக்கு வந்தது என்பது மின்சாதனக் கடைக் கதை. ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் 1979இலேயே மின்னகராதி விற்றது. பிறகு காசியோவின் எக்ஸ்-வேர்ட் வந்து சந்தையைப் பிடித்தது. அதில் கொரிய மொழிக்கென்றே தனி மாடல்கள் உண்டு. கையில் எடுத்துப் பார்த்தால் பொருள் நன்றாகத்தான் இருக்கும்: பழைய டிபன் பாக்ஸ் அளவு, மூடித் திறக்கும் மூடி, கட்டை விரலுக்கும் சிறிதான பொத்தான்கள், எழுதிக்காட்ட ஒரு குச்சி, பெட்டிக்கடையில் கிடைக்கும் இரண்டு பேட்டரி செல். செல் போட்டால் வாரக்கணக்கில் ஓடும். உள்ளே ஷோககுகான் பதிப்பகத்தின் 1993ஆம் வருஷக் கொரிய-ஜப்பானிய அகராதி. தென் கொரியாவிலும் நூரியன், ஐரிவர் டிக்பிள் என்று கருவிகள் வந்தன. அவை ஆங்கிலம் படிக்கும் கொரிய மாணவர்களுக்காகச் செய்தவை.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஒரு கல்லூரி மாணவி என்னிடம் கேட்டது இந்தக் கருவிகளைப் பற்றித்தான். கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து எழுத்தைத் தானே கற்றுக்கொண்டிருந்தாள். அன்று அவள் அப்பாவுக்குப் பாடு இல்லை. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்துக்கொண்டு பிரிப்பதைப் பாடு என்பார்கள். அதனால் அவரும் திண்ணையில் இருந்தார். போனில் அந்த மெஷினின் படத்தைக் காட்டி, "அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல வருது, வாங்கலாமா?" என்றாள். அவர், "போன் இருக்கும்போது இது எதுக்கும்மா?" என்றார்.

அப்பா சொன்னது சரி. ஆனால் காரணம் போன் இல்லை. அந்த மெஷின் யாருக்காகச் செய்தது என்பதுதான் காரணம். எக்ஸ்-வேர்டில் அர்த்தம் ஜப்பானிய மொழியில் வரும். அது தெரியாதவருக்கு அது அலங்காரப் பொருள். கொரியக் கருவியில் மெனுவே கொரியத்தில். ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் நான்கு கொரியச் சொற்களைக் காட்டும். எதை எங்கே பயன்படுத்துவது என்று சொல்லாது. கொரிய மாணவனுக்கு அது ஏற்கெனவே தெரியும். காசியோவும் புதிய மின்னகராதிகள் உருவாக்குவதை நிறுத்திவிட்டதாக 2025 தொடக்கத்தில் செய்தி வந்தது.

எதை வாங்கினாலும், எதை இறக்கினாலும், நான் சொல்வது ஒரே சோதனை. தொடரில் ஒருத்தி "துரொஸ்ஸொயோ" என்கிறாள். கேட்டேன் என்று அர்த்தம். அகராதியில் அந்தச் சொல் அப்படியே இருக்காது. "துத்தா" என்ற தலைச்சொல்லின் கீழ் இருக்கும். கேட்டேன் என்பதைத் தமிழ் அகராதியில் கேள் என்று போய்த் தேடுவது மாதிரியேதான். தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரரைத் தமிழ் அகராதி எங்கே கைவிடுகிறதோ, அங்கேதான் கொரிய அகராதி நம்மைக் கைவிடுகிறது. வினையின் திரிந்த வடிவத்தைத் தட்டினால் வேரைக் காட்டுகிறதா? தலைச்சொல்லைத்தான் கேட்கும் பழைய கருவிகள் பலவற்றை வைத்துக்கொண்டு தொடக்கத்தில் இருப்பவர் எதுவும் செய்ய முடியாது. நல்லதாக இருந்தால் வேரைக் காட்டுவதோடு நிற்காது. தூக்கினேன் என்பதற்கும் கொரியத்தில் அதே ஒலிதான் வரும் என்பதால் இரண்டையும் காட்டும். திண்ணையிலேயே போனில் கொரிய விசைப்பலகையை ஏற்றி நேவர் என்ற கொரிய இணைய அகராதியில் தட்டிப் பார்த்தோம். இரண்டும் வந்தன, ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்தில் வந்ததுதான் அவளுக்குச் சிக்கல். ஆங்கில விளக்கம் புரியாமல் அதற்கு இன்னொரு அகராதியைத் திறந்தாள். ரோஜேரியஸின் போர்த்துகீசு போல இதுவும் நடுவில் நிற்கும் மொழிதான். அவளுக்கு அந்த நடு மொழியிலேயே தடுமாற்றம்.

தென் கொரியாவின் தேசிய மொழி நிறுவனம் 2016இல் கற்பவர்களுக்கென்றே ஒரு அடிப்படை அகராதியை இணையத்தில் திறந்தது. சுமார் 50,000 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் உச்சரிப்பு, திரிந்த வடிவங்கள், எடுத்துக்காட்டு வாக்கியம், இது தொடக்க நிலைச் சொல்லா மேல்நிலைச் சொல்லா என்ற குறிப்பு. இலவசம். என் கணக்கில் கற்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. அதில் ஆங்கிலம், பிரெஞ்சு, அரபி ஆகியவற்றோடு மங்கோலியம், வியட்நாமியம், தாய், இந்தோனேசியம் என்று விளக்கங்கள் உண்டு. பின்னால் சொன்ன நான்கும் கொரியாவுக்கு வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஆட்கள் போகும் நாடுகளின் மொழிகள். 2004இல் தொடங்கிய பணி அனுமதித் திட்டத்தின் கீழ் கொரியத் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் மீன்பிடிப் படகுக்கும் ஆள் எடுக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இலங்கை இருக்கிறது. மொழித் தேர்வு எழுதி அங்கே போகும் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கும் மட்டக்களப்புத் தமிழருக்கும் கூட இந்த அகராதியில் தமிழ் கிடையாது, சிங்களமும் கிடையாது.

நம் பக்கத்தில் தேவை வேறு வழியாக வந்தது. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாயின் சான்ட்ரோ ஓடத் தொடங்கியது. 2006இல் சென்னையில் இங்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் வந்தது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை பள்ளியில் படிக்கலாம் என்று பெயர் சொன்ன அயல் மொழிகளில் கொரியமும் ஒன்று. படிக்கச் சொன்னவர்கள் அகராதியைப் பற்றி யோசிக்கவில்லை.

இந்த அடிப்படை அகராதியின் தரவை யார் வேண்டுமானாலும் முழுதாக இறக்கிக்கொள்ளலாம். பெயர் குறிப்பிட்டு, அதே நிபந்தனையில் திரும்பப் பகிர்ந்தால், அதில் புது மொழியைச் சேர்ப்பதற்கும் உரிமம் இடம் தருகிறது. தமிழுக்கு ஒரு பத்தி சேர்க்க அரசாணை எதுவும் வேண்டாம். 50,000 சொல்லுக்கும் ஒரே மூச்சில் வேண்டாம். தொடக்க நிலை என்று குறித்தவை மட்டும் போதும். போனில் இறக்கி வைத்துக்கொண்டால் ஏரிக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்திலும் வேலை செய்யும். கொரியத்திலும் அம்மா "ஒம்மா", அப்பா "அப்பா" என்பதால் அந்த இரண்டு வரியை நிரப்ப ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். "துத்தா"வின் வரிக்குத்தான் ஆள் தேட வேண்டும்.